படுத்திருப்பதும் ஒரு குற்றமோ?

நியூயோர்க் மாநகரின் நிலக்கீழ்ப் புகையிரதச் சேவைக்கு 472 நிலையங்கள் உள. உலகின் செல்வம் வந்து குவியும் அந்நகரிலே, இரவைக் கழிக்க ஓரிடமின்றி அந்நிலையங்களிலும் வண்டிகளிலும் உறங்குவோர் ஆயிரக்கணக்கானோர். 2021 பெப்ரவரியில் அங்கு ஒரு நிலையத்தில் வாங்குகள் காணாமற் போயின. ஏன் என்று வினவிய பிரயாணி ஒருவருக்கு, வீடற்றோர் அவற்றிற் படுத்துறங்காதிருக்கவே அகற்றினோம் என்று அதிகாரசபையின் பெயரால் இணையத்தில் விடை வந்தது. கண்டனம் எழுந்ததும், அவ்விடை தவறுதலாக வெளியாயிற்று என்று கூறி அதனை மீட்டுக்கொண்டனர். வெட்கப்பட வேண்டியது விடையைப் பற்றியா, வாங்குகளைப் பற்றியா?

வீடற்ற ஒருவனை எழுப்பிவிடும் பொருட்டு, கால் நோவோடு நிற்கும் கிழவியையும் கருவுற்ற தாயையும் தண்டித்த பேரறிவை என்னென்பது! படுத்தால் குற்றம், இரண்டு இருக்கையைப் பிடித்தால் குற்றம் என்று விதிகளும் எழுதி வைத்திருக்கின்றனர். படுக்க வீடுள்ளவன் புகையிரத மேடையிற் படுக்கமாட்டான். ஆகவே எல்லோருக்கும் பொதுவென எழுதப்பட்ட இவ்விதி, ஒரே ஒரு வகுப்பாருக்கென்றே எழுதப்பட்டதென்பதை அறியச் சட்டக் கல்லூரிக்குப் போகவேண்டியதில்லை.

மறுபக்கத்தார் சொல்வதையும் நாம் கேட்காமலில்லை. காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவனுக்கு அமர இடமும் அச்சமற்ற பயணமும் வேண்டும் என்கின்றனர், நியாயமே. வண்டி ஓட்டுபவர் வைத்தியருமல்லர், சமூக ஊழியருமல்லர் என்கின்றனர், அதுவும் நியாயமே. ஆனால் அந்த நியாயத்திலிருந்து பிறக்கும் முடிவு என்ன? வைத்தியரையும் சமூக ஊழியரையும் நிலையத்துக்கு அழைத்து வா என்பதல்லவா? பொலிசாரை அழைத்து வா என்று அது எப்படித் திரிந்தது?

துரத்திப் பார்த்த பரீட்சையும் நடந்து முடிந்தது. 1904 இலிருந்து இரவும் பகலும் ஓடிப் பழகிய அச்சேவையைப் பெருந்தொற்றின் பெயரால் 2020 மே 6 முதல் நாள்தோறும் இரவு ஒரு மணி தொடக்கம் ஐந்து மணிவரை மூடினர். கடைசி நிலையத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டனர். சிலர் விடுதிகளுக்குப் போயினர். மற்றையோர் இரவு பஸ்களில் ஏறினர், நடைபாதையிற் சுருண்டனர். 2021 மே 17 இல் இரவுச் சேவை மீண்டது, உறங்குவோரும் மீண்டனர். வீடின்மையைப் பெற்றெடுத்தது புகையிரதமன்று; வீட்டு வாடகை. வண்டியைப் பூட்டினால் வாடகை குறையுமா?

இத்தனைக்கும் அந்நகரிலே உறைவிடம் கேட்கும் உரிமை சட்டமாயிருக்கிறது. தேவையுற்றோரைப் பேணுவது அரசின் கடன் என 1938 இல் நியூயோர்க் மாநில அரசியலமைப்பில் எழுதினர். அவ்வாசகத்தைப் பற்றிக்கொண்டு ரொபேட் ஹேஸ் என்ற இளம் சட்டத்தரணி, வீடற்ற கலஹான் என்பாரின் பெயரால் 1979 இல் வழக்குத் தொடுத்தார். 1981 இல் இணக்கத் தீர்ப்புக் கிடைத்தது. கலஹானோ அது கையெழுத்தாகு முன்பே தெருவிலேயே இறந்துவிட்டார். சட்டத்தின் நடை எப்போதும் அப்படித்தான். விடுதிகள் எழுந்தன, எனினும் களவுக்கும் அடிதடிக்கும் அஞ்சி, பெரிய மண்டபங்களில் படுப்பதைவிட ஓடும் வண்டியே மேல் என்று கருதுவோர் இன்றும் உளர். அவர்களைப் பிடிவாதக்காரர் என்கின்றனர். ஓரிரவு அங்கே படுத்தெழுந்தவர் சொன்னால் கேட்போம்.

2024 ஜூன் 28 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில், வெளியே உறங்குவோரைத் தண்டிப்பது கொடிய தண்டனையைத் தடுக்கும் அரசியலமைப்பு விதிக்கு முரணன்று என ஆறுக்கு மூன்றாகத் தீர்த்தது. போதைக்கு அடிமையாயிருக்கும் நிலையையே குற்றமாக்கலாகாது என்று 1962 இல் கூறிய அதே மன்றம், உறக்கம் ஒரு செயல், நிலையன்று என வேறுபடுத்திற்று. தூங்காமல் வாழும் மனிதனை எந்த நீதியரசர் கண்டாரோ நாம் அறியோம். இருப்பினும் ஒன்றை மறவற்க: தண்டிக்கலாம் என்பதே அத்தீர்ப்பு, தண்டி என்பதன்று.

தண்டியாத வழிக்கும் அந்நாட்டிலேயே சான்றுண்டு. பிலடெல்பியாவில் சபேர்பன் என்னும் புகையிரத நிலையத்தின் நிலக்கீழ்ப் பகுதியிலே, போக்குவரத்து அதிகாரசபையும் நகராட்சியும் ஒரு தொண்டு நிறுவனமும் கைகோத்து 2018 ஜனவரியில் ஏறக்குறைய 11,000 சதுர அடியில் ஓர் இடம் திறந்தன. அங்கே சூடான கோப்பி உண்டு. குளிக்கலாம், துணி துவைக்கலாம், வைத்தியரைக் காணலாம். வீடு தேடித்தரும் ஊழியருடன் பேசலாம். வீடற்றோர் இருக்கும் இடத்துக்கே உதவி வந்தது. உதவியைத் தேடி அவர்கள் நகரமெங்கும் அலையவில்லை. இது வீட்டுக்கு ஈடாகாது. ஆனால் வாங்கைப் பிடுங்கும் ஆட்சிக்கும் வாயிலைத் திறக்கும் ஆட்சிக்கும் உள்ள தூரம் அதில் தெரிகிறது.

அமெரிக்காவின் கதை நமக்கேன் என்று கமக்காரர் கேட்கலாம். அங்குள்ள தண்டனை மனப்பான்மையின் உறவு முறையை நாமும் அறிவோம். வெறும் வண்டியிலும் களஞ்சியத்திலும் உறங்கியவனைச் சோம்பேறி, போக்கிலி என்று சிறையிட 1824 இல் பிரித்தானியர் இயற்றிய சட்டத்தின் அச்சிலேயே, 1841 இல் இலங்கைக்கும் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் வார்க்கப்பட்டது. தாய்ச் சட்டத்தை நீக்க வெஸ்ட்மின்ஸ்ரர் பாராளுமன்றம் 2022 இல் சட்டமியற்ற வேண்டியதாயிற்று.

அச்சட்டம் வருமுன்பே இம்மண்ணில் வீதி போட்டவன் மடமும் கட்டினான். சுமைதாங்கியும் நாட்டினான், கேணியும் வெட்டினான். பருத்தித்துறையில் தெருவையே கூரையால் மூடி இருமருங்கும் திண்ணை வைத்த தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. அங்கே படுத்தவனிடம் ஊர் எது, தொழில் எது, கையில் காசு எவ்வளவு என்று கேட்டவரில்லை. பாதை வேறு, பாதையில் வருபவனின் களைப்பு வேறு என்று அவர்கள் பிரித்துக் கணக்கெழுதவில்லை.

நியூயோர்க் அதிகாரசபையாரிடம் நாம் கேட்பதும் அவ்வளவே. வாங்குகளை அவை இருந்த இடத்தில் வையுங்கள். பெரிய நிலையங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கழிவறை, ஒரு குளியலறை, இரவு முழுவதும் இருக்கும் ஒரு தாதி; பொலிசாருக்கு முன்னே அவர் வரட்டும். இறக்கிவிடும் கடைசி நிலையத்திலே, இறங்குபவனை ஒரு படுக்கைக்கு அழைத்துச் செல்ல ஒரு பஸ் காத்து நிற்கட்டும்.