முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடு

"ஆம்பளப் பிள்ளை பொறந்திருக்கு தோழர். நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க. பழம்பெருமை உள்ள பேரா இருக்கணும். நாலு பேர் வைக்கிற பேராவும் இருக்கணும்." வாசிப்பு வட்டத்துக்கு வருகிற இளைஞர்கள் பலர் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்கிற நிபந்தனை இரண்டு. சொல்லாத நிபந்தனை ஒன்று உண்டு: பேரைக் கேட்டால் சேரி தெரியக் கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனையோடுதான் எனக்குச் சண்டை.

பேர்ல என்ன இருக்கு என்கிறவர்கள் மனுவைப் புரட்டிப் பார்க்கட்டும். இரண்டாம் அத்தியாயம், 31ஆம் சுலோகம். பார்ப்பான் பேர் மங்கலத்தைக் காட்டணுமாம். சத்திரியன் பேர் வலிமையை, வைசியன் பேர் செல்வத்தை. சூத்திரன் பேர் இழிவைக் காட்டணுமாம். அவர்ணர்களான நமக்கு அந்தச் சுலோகத்தில் இடமே கிடையாது. ஒரு வரி சமஸ்கிருதம் தெரியாத நம்மூர் ஆண்டைகள் இந்தச் சட்டத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் அமுல்படுத்தினார்கள்.

பிறக்கிற பிள்ளைகள் தங்காமல் செத்துப்போனால் அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பு என்று பேர் வைப்பது பல சாதிகளிலும் உள்ள வழக்கம். ஊர்த்தெருவில் அப்படிப் புரண்ட பிள்ளை வளர்ந்து குப்புசாமி முதலியார் ஆனது. எங்க தாத்தா குப்பனாகவே செத்தார். பேரன் பேத்தி எடுத்த பிறகும் "டேய் குப்பா"தான். எங்க அப்பாவுக்கு வீட்டில் வைத்த பேர் முனுசாமி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போன அன்று பதிவேட்டில் வாத்தியார் எழுதியது முனியன். "உங்களுக்கெல்லாம் எதுக்குடா சாமி?" ஒரே பேர்தான். அவனுக்கு வால் முளைக்கும், நமக்கு வெட்டப்படும்.

படித்த தலைமுறை இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி கண்டது. சுரேஷ், ரமேஷ், தினேஷ். கல்லூரி விடுதியிலும் டவுன் வாடகை வீட்டிலும் சாதி பிடிபடாது என்று ஒரு நம்பிக்கை. அப்படிப் பேர் வைத்த தாய் தகப்பனை நான் கேலி பேச மாட்டேன். அவர்கள் வாங்கிய அடி அப்படி. ஆனால் மறைந்ததா? பேரைச் சொன்னதும் "எந்த ஊரு?" அடுத்து "ஊர்ல எந்தப் பக்கம்?" அதுக்கடுத்து "அப்பா பேரென்ன?" மூன்று கேள்வியில் உங்க தினேஷ் சேரியில் வந்து நிற்பான்.

தருமபுரியில் ஒரு பிள்ளைக்கு இளவரசன் என்று பேர் வைத்தார்கள். சாதி தாண்டி மணம் செய்தார் என்று 2012 நவம்பரில் மூன்று சேரிகளைக் கொளுத்தினார்கள். 2013 சூலை 4 அன்று தண்டவாளத்தோரம் அவர் பிணமாகக் கிடந்தார். கோகுல்ராஜ் பேரில் கண்ணனின் கோகுலமும் இருந்தது, ராஜாவும் இருந்தது, 2015இல் கொன்றார்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டப்பட்டவர் பேர் சங்கர். சிவன் பேர். இதைவிடப் பொதுவான பேரை எந்தக் கடையில் போய் வாங்குவீங்க?

"அப்படின்னா தூய தமிழ்ப்பேர் வைப்போம்" என்பார் இன்னொரு தோழர். நல்லது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் ராமையா அன்பழகன் ஆனதும் நடந்த மண்தான் இது. திருமாவளவன் தன் அப்பா ராமசாமிக்கே தொல்காப்பியன் என்று பேர் மாற்றினார். மகன் அப்பாவுக்குப் பேர் வைத்த அந்தக் கலகம் எனக்குப் பிடிக்கும். ஆனால் பழம்பெருமை என்றதும் நம்ம பசங்க கை நேராக ராசராசன் மேல் போய் விழுகிறதே, அங்கேதான் கொஞ்சம் நில்லுங்க என்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் அவன் வெட்டிவைத்த கல்வெட்டுகளிலேயே தீண்டாச்சேரி என்றும் பறைச்சேரி என்றும் எழுதியிருக்கிறது. நம்ம பாட்டன் தெருவைத் தீண்டாச்சேரி என்று கல்லில் பொறித்தவன் பேரை நம்ம பிள்ளை சுமக்கணுமா? பெருமை சரி, யாருக்குப் பெருமை?

நம்ம பேரைக் கண்டால் அவர்கள் எப்படி நடுங்குகிறார்கள் என்று பாருங்கள். 1997இல் விருதுநகர் மாவட்டத்தில் புதுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் நின்ற தளபதி. தலித் பேர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றது ஆதிக்க சாதி. தென்மாவட்டங்கள் பற்றியெரிந்தன. அரசு என்ன செய்தது? மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் எல்லாத் தலைவர் பேரையும் எடுத்துவிட்டது. நம்ம பேர் ஒன்று ஏறியதும் யார் பேரும் வேண்டாம் என்றாகிவிட்டது. மராட்டியத்தில் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பேர் வைக்க 1978இல் தீர்மானம் போட்டார்கள். உடனே தலித் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. பேர் ஏற 1994 சனவரி வரை ஆனது. ஒரு பேருக்குப் பதினாறு வருசம்!

அதே மராட்டியத்தில்தான் நமக்குப் பாடமும் இருக்கிறது. பாபாசாகேப் 1946இல் பம்பாயில் தொடங்கிய கல்லூரிக்குச் சித்தார்த்தா என்று பேர். அவுரங்காபாத் கல்லூரிக்கு மிலிந்த் என்று பேர். நாகசேனரைக் கேள்விமேல் கேள்வி கேட்டுத் துளைத்த கிரேக்க அரசன் அவன். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சித்தார்த், மிலிந்த், கௌதம், ராகுல் என்று பேர் வைத்தார்கள். இரண்டாயிரம் வருசப் பழைய பேர்கள் சேரிதோறும் புழங்கின. பழசாகவும் பரவலாகவும் ஒரு பேர் இப்படித்தான் ஆகும். நாலு பேர் வைக்கிற பேர் வேணும்னா அந்த நாலு பேர் நாமாக இருக்க வேண்டும்.

தமிழில் நமக்கு இல்லாததா? மணிமேகலைக்கு அறம் சொன்ன பௌத்தத் துறவி அறவணர். அறவணன் என்று வைங்க. அயோத்திதாசப் பண்டிதருக்கு 1845இல் பிறந்தபோது வைத்த பேர் காத்தவராயன். தன் ஆசிரியர் பேரைத்தான் பிறகு தாங்கிக்கொண்டார். கதையில் வரும் காத்தவராயன் பார்ப்பனப் பெண்ணைக் காதலித்துக் கழுமரம் ஏறியவன். சக்கிலியர் வீட்டில் வளர்ந்த மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். இந்த இரண்டு பேரையும் வைத்து 1950களில் சினிமா எடுத்துக் காசு பார்த்தார்கள். திரையில் கைதட்டிய பேர் தொட்டிலில் மட்டும் ஏன் கூசுது? முதுகுளத்தூரை நினைத்தால் இமானுவேல் என்று வைங்க. பேருந்திலிருந்து அழித்தார்களே, சுந்தரலிங்கம் என்று வைங்க.

"பாவம் தோழர், பச்சப் பிள்ளை தலையில அரசியலை ஏத்தணுமா? இஸ்கூல்ல கேலி பண்ணுவாங்களே?" கேட்பது நியாயம்தான். ஆனால் பிள்ளை தலையில் சாதியை ஏற்றி வைத்தது நீங்களும் இல்லை, நானும் இல்லை. அது பிறக்கும் முன்னாலேயே ஏறிக்கிடக்கிறது. ஒளிகிற பேர் வைத்தால் ஒளியக் கற்றுக்கொள்ளும். தன் பேருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கு என்று தெரிந்த பிள்ளை, கேலி பண்ணுகிறவனிடம் அந்தக் கதையைச் சொல்லும்.

வைப்பது பாதி வேலைதான். பிறப்புப் பதிவில் ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பேரைச் சேர்க்கலாம். நீங்களே போய் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துப் பதியுங்க. வாத்தியார் பேனாவுக்கு விடாதீங்க. மீதி வேலை நம்ம தெருவில் இருக்கிறது. குப்பன், முனியன் என்று வெட்டப்பட்ட பேரோடு இன்னும் கிழவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்டை கூப்பிட்ட அதே பேரில்தான் நம்ம பசங்களும் அவர்களைக் கூப்பிடுகிறார்கள். பிறந்த பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்றைக்கே அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, குப்புசாமி ஐயா, முனுசாமி ஐயா என்று முழுப் பேரும் சொல்லி அழையுங்கள். பிள்ளை பேரை முதலில் அவர்கள் வாயால் சொல்லட்டும்.