வாழையை வீழ்த்தும் வாடல்

சேக்காட்டுக் கடையில் ரஸ்தாளியும் பூவனும் அருகருகே தொங்குகின்றன. வாங்குகிறவருக்கு விலையும் ருசியும்தான் வித்தியாசம். பயிரிடுகிறவருக்கோ இன்னொன்றும் உண்டு. பனாமா வாடல் வந்தால் ரஸ்தாளி சாய்ந்துவிடும். பூவன் தாங்கி நிற்கும். இந்தக் குணம் உரத்தில் இல்லை, பரம்பரையில் இருக்கிறது.

வாழைக்கனியும் தாவர நூலார் கணக்கில் பெர்ரி வகைதான். கேட்க வேடிக்கையாக இருக்கலாம்! ஆனால் நாம் உண்ணும் பழத்தில் முளைக்கும் விதை கிடையாது. பக்கக்கன்றை நட்டே பயிர் பெருகுகிறது. தாயின் பலவீனம் கன்றுக்கும் அப்படியே வருகிறது. மத்திய அமெரிக்காவில் 'குரோ மிஷேல்' வாழை இப்படித்தான் வாடலுக்கு இரையாகி, 1960-களில் ஏற்றுமதித் தோட்டங்களை விட்டே மறைந்தது. அதன் இடத்துக்கு வந்தது கேவண்டிஷ். நம் ஊர் மோரீசும் ஜி-9-ம் அந்தக் குடும்பமே.

இப்போது கேவண்டிஷையும் வீழ்த்தும் 'டி.ஆர்.4' என்ற பூஞ்சணம் கிளம்பியிருக்கிறது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கண்டாயிற்று. மண்ணில் பல்லாண்டு கிடக்கும், மருந்துக்கு ஒழியாது. கன்றோடும், மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும் ஊர்விட்டு ஊர் போகும்.

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் டேல் குழுவினர், காட்டு வாழையிலிருந்து 'ஆர்.ஜி.ஏ.2' என்ற மரபணுவை எடுத்துக் கேவண்டிஷில் சேர்த்தார்கள். 2024-ல் அங்கே அதற்கு அனுமதியும் கிடைத்தது. விந்தை என்னவென்றால், அதே மரபணு கேவண்டிஷிலும் உண்டு. ஆனால் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கிறது!

அந்தக் கன்று நமக்கு வேண்டுமா என்ற விவாதம் நடக்கட்டும். அதற்குள், 1993-ல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் உள்ள நாட்டு ரகங்களையும் காட்டு இனங்களையும் சோதிக்கும் வேலைக்குச் சர்க்கார் பணத்தைச் சுருக்கக் கூடாது. நோய் கண்ட மாநிலங்களிலிருந்து சோதனையில்லாமல் ஒரு கன்றும் இங்கே இறங்கக் கூடாது.