மல்லிகை வாசகருக்கு விடை

யாழ்ப்பாணத்திலே 1966 இல் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’, பின்னர் கொழும்புக்கு இடம்பெயர்ந்து, 2012 இல் நின்றது. முடிதிருத்தும் நிலையமொன்றில் முளைத்த ஏடு அது என்பதை இன்றைய மாணவர் அறிவாரோ, அறியோம்.

2021 இல் மறைந்த ஆசிரியருக்கு அஞ்சலி செலுத்தினோம். ஆனால், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அவ்விதழைக் கைமாற்றிப் படித்து, கதைக்குக் கதை வழக்காடிய எம் வாசகர் கூட்டத்திற்கு முறையாக விடை கொடுத்தோமில்லை. பழைய இதழ்கள் நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்திற் கிடைக்கின்றனவே என்பர். ஏடு கிடைக்கும், எதிர்வாதஞ் செய்யத் தோழர் கிடைப்பாரா? ஆதலின், பரணிலே கறையானுக்கு இரையாகும் இதழ்களைப் பழைய மாணவர் கல்லூரி நூலகத்திற்கு அளித்து, ஒரு மாலையேனும் மாணவருடன் அமர்ந்து வாசித்து, வழக்காடிப் பிரிதல் வேண்டும் என்போம். தேநீர்ச் செலவு எம்முடையது.