குறுஞ்செய்தி மோசடி: பழி ஏழைக்கு, லாபம் யாருக்கு?

இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்றொரு குறுஞ்செய்தி. அழைத்தால், கைப்பேசியில் ஒரு செயலியைத் தரவிறக்கச் சொல்வார்கள். சில நிமிடங்களில் கணக்கு காலியாகிவிடும். கேரள, தமிழ்நாடு மின்வாரியங்கள் இரண்டுமே இந்த மோசடி குறித்து எச்சரித்துள்ளன. ஆயினும் அது ஓயவில்லை. 2024-இல் மட்டும் இணையவழிக் குற்றங்களால் மக்கள் இழந்தது சுமார் 22,845 கோடி ரூபாய் என ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. முந்தைய ஆண்டு இது 7,465 கோடி.

இதை மக்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கிராமப்புறத் தொழிலாளியை வங்கிக்கும் கைப்பேசிக்கும் தள்ளியது அரசுதான். வேலை உறுதித் திட்டக் கூலியே 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாக மட்டும் என்றானது. ஆனால் பாதுகாப்பின் சுமை மட்டும் தொழிலாளியின் தலையில்.

காரோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் இச்சுமை இரட்டிப்பாகிறது. 1956 மாநிலச் சீரமைப்புக்குப் பின் கேரளத்திலேயே தங்கிய தமிழர்களுக்கு வங்கியின் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது, அரசின் எச்சரிக்கை மலையாளத்தில் வருகிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையைக் கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமே அளித்துள்ளது. எச்சரிக்கையும் புகார்ப் படிவமும் தமிழில் வேண்டும் என்பது அவ்வுரிமையின் நீட்சியே.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்கும் கடமை வங்கியுடையது என்றது. அதே சுற்றறிக்கை, ரகசிய எண்ணைப் பகிர்ந்தவரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை, அவர் மீதே சுமத்தியது. ஏமாற்றப்படுவதும் கவனக்குறைவும் ஒன்றல்ல. இவ்விதி திருத்தப்பட வேண்டும்.

அதுவரை கிளைத் தோழர்கள் வீடுதோறும் சொல்ல வேண்டியவை சில. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. பத்து இலக்கத் தனிநபர் எண்ணிலிருந்து வரும் ‘வங்கி’ச் செய்தியை நம்பக் கூடாது, அதிலுள்ள இணைப்பைத் தொடவும் கூடாது. பணம் வந்ததாகச் செய்தி வந்தால், கணக்கிருப்பைப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். ஏமாந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-ஐ அழைத்து, வங்கிக்கும் தெரிவித்துப் புகார் எண்ணைப் பெற வேண்டும். பணம் கைமாறுமுன் முடக்க முதல் சில மணி நேரமே வாய்ப்பு.

ஏமாந்தவரைப் பழிக்காமல் அவருடன் வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் செல்வது இன்றைய இயக்கப் பணி.