வெரோனிகாவுக்கு மட்டும் கடை கட்டாதீங்க சாமிகளா!

வெரோனிகா காஸ்டெல்லோன்னு ஒரு அம்மணி. மெஜன்டோ 2-ல மாதிரிக் கடை போட்டுப் பார்த்த பொட்டி தட்டுற மக்களுக்கு நல்லாத் தெரிஞ்சவங்க. மாதிரி டேட்டாவை ஏத்தினா வாடிக்கையாளரா வந்து நிப்பாங்க. வீடு அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம், ஹனி பிளஃப் பார்க்வே. பேர்ல அழகா ரெண்டு பகுதி. தெரு முகவரி ஒரே வரியில அடங்கிடும். எல்லாம் ஆங்கில எழுத்து. கடையில ஜௌஸ்ட் டஃபிள் பேக் விக்கும், அம்மணி வாங்குவாங்க, பணம் கட்டுவாங்க, எல்லாம் பச்சை விளக்கு. டெஸ்டிங் முடிஞ்சுது, வீட்டுக்குப் போகலாம்.

வெரோனிகா மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. அவங்க பிறந்த ஊருக்கு அவங்க சரி. என் கோவமெல்லாம் நம்ம ஆளுங்க மேலதான். கும்பகோணத்துப் புடவைக்கும் மணப்பாறை முறுக்குக்கும் கடை கட்டிட்டு, அதை வெரோனிகாவை வச்சே சோதிச்சுட்டுக் கைகழுவுறோம் பாருங்க, அது மேல.

கேட்டா "டெமோ டேட்டாதானே பாஸ், ராண்டமா எதையோ போட்டு நிரப்பு"ன்னு பதில் வரும். டீம்ல புதுசா சேர்ந்த பையன் தலையில கட்டுற ஆணி அது. அவனும் பாவம், "ஏஎஸ்டிஎஃப்"னு நாலு விரல்ல அடிப்பான், இல்லைன்னா ஃபேக்கர் நூலகத்தைக் கூப்பிட்டு ஆயிரம் ஜான்களையும் ஸ்மித்களையும் பெத்துப் போடுவான். இதுல ராண்டம் எங்கே இருக்கு? யாரோ ஒருத்தர் மனசுல இருக்கிற "வாடிக்கையாளர்"ங்கற படத்தையே ஆயிரம் பிரதி எடுக்கிறோம். அந்தப் படத்துல இல்லாத ஆளுக்குக் கடைக் கதவு திறக்காது.

எங்க பெரியம்மா பேரு முத்துலட்சுமி. அவ்வளவுதான், முன்னாடி பின்னாடி ஒண்ணும் கிடையாது. ஒரு கடையில (பேர் வேண்டாம்) முட்டி வலிக்குப் பட்டை வாங்கப் போனாங்க. "கடைசிப் பெயர் கட்டாயம்"னுச்சு. புள்ளி வச்சுப் பார்த்தாங்க, "சரியான பெயரை உள்ளிடவும்"னு பாடம் எடுத்துச்சு. கடைசியில பெரியப்பா பேரைப் போட்டாங்க. மூணு நாள் கழிச்சுப் பொட்டலம் கொண்டுவந்த தம்பி வாசல்ல நின்னு, "சுப்பையா சார் இருக்காரா, கையெழுத்துப் போடணும்"னு கேட்டிருக்கார். பெரியப்பா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு. அந்தத் தம்பி மேல தப்பே இல்லை. அந்தக் கடையைக் கட்டினவன் டேட்டாபேஸ்ல ஒத்தைப் பேர் உள்ள ஒரு மனுஷியாவது இருந்திருந்தா, முதல் நாளே சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்கும்.

இது புது ஞானமும் இல்லை. பேர்களைப் பத்தி நிரலாளர்கள் நம்புற பொய்கள்னு பேட்ரிக் மெக்கன்சி ஒரு பட்டியலே போட்டது 2010-ல. தமிழ்நாட்டுல ஒத்தைப் பேரும் இனிஷியலும் அதைவிட எவ்வளவோ பழசு. நமக்கே நம்ம பேர் ஞாபகத்துக்கு வரலைன்னா மிச்சிகன்காரனா வந்து சொல்லுவான்?

அடுத்தது முகவரி. "பழைய எண் 12, புதிய எண் 27/3அ, மாரியம்மன் கோயில் எதிர்ச்சந்து, கீழத்தெரு" - இதான் நம்ம நிஜம். சாய்கோடு வந்தா ஏத்துக்காத படிவம், 35 எழுத்துல வாலை வெட்டுற லேபிள், ரெண்டுமே ஹனி பிளஃப் பார்க்வேயை வச்சுச் சோதிச்சா வெளியே தெரியாது. பின்கோடு 1972-ல இருந்து ஆறு இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யம் வராது. 6-ல ஆரம்பிச்சா தமிழ்நாடுன்னு நினைச்சு டெலிவரிக் கட்டணம் போட்டு வைக்கிறவங்க உண்டு. கேரளாவும் புதுச்சேரியும் அதே 6-தான்யா! கண்டபடி ஆறு இலக்கம் உருவாக்கித் தள்ளினா இந்த ஓட்டையெல்லாம் கண்ல படாது.

தமிழ்ல பேர் அடிச்சா இன்னும் வேடிக்கை. "முத்துலட்சுமி" நம்ம கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோட் கணக்குல 13 குறியீடு. யூடிஎஃப்-8-ல 39 பைட். பைட் கணக்குல 30-ன்னு இடம் ஒதுக்கியிருந்தா பெரியம்மா "முத்துலட்ச" ஆயிடுவாங்க. ஆங்கிலத்துல 160 எழுத்து போற ஒரு எஸ்எம்எஸ்ல, தமிழ் போட்டா 70-தான். "உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது"ன்னு ஆரம்பிக்கிற சேதி அந்த 70-ஐத் தாண்டினா ரெண்டு செய்தியா உடைஞ்சு, காசும் ரெண்டு மடங்காகும். இதெல்லாம் ஜான் ஸ்மித் உயிரோட இருக்கிறவரைக்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

விலைக்கு வாங்க. சோதனைக் கடையில எல்லாப் பொருளும் 100, 500, 1000. கணக்கு கச்சிதமா வரும். 333 ரூபாய்க்கு ஒரு பொருள் போடுங்க, ஜிஎஸ்டி 5 சதவீதம். மொத்த வரி 16.65. மாநிலத்துக்குள்ள வித்தா மத்திக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி, அதாவது ஆளுக்கு 8.325. தனித்தனியா மேல்நோக்கி முழுசாக்கினா 8.33 + 8.33 = 16.66. ஒரு பைசா எங்கேயிருந்து குதிச்சுது? இந்தக் கேள்வியை ஆடிட்டர் கேக்கிறதுக்கு முன்னாடி உங்க டெமோ டேட்டா கேக்கணும்.

பத்தாயிரம் ஆர்டரை 500 பொருளுக்கு ராண்டமாப் பிரிச்சா ஒவ்வொண்ணுக்கும் சுமார் 20 விழும். எந்த ஊர்க் கடையில இப்படி விக்குது? நாலு பொருள் பிச்சுக்கிட்டுப் போகும், மீதி தூங்கும், தீபாவளிக்கு முந்தின வாரம் கூட்டம் அம்மும். டேட்டாவும் அப்படிச் சாயணும். ஒண்ணுமே விக்காத பொருள் வேணும், ஒரே பொருளுக்கு எட்டாயிரம் ஆர்டரும் வேணும்.

இந்த இடத்துல ஒரு புத்திசாலி எழுந்திருப்பார். "எதுக்கு இவ்வளவு பாடு? நிஜக் கடையோட டேட்டாவையே அப்படியே நகல் எடுத்துச் சோதனை சர்வர்ல போட்டுட்டாப் போச்சு!"

ஐயா சாமி, ஜான் ஸ்மித்தாவது வெறும் சோம்பேறித்தனம். இது நம்பிக்கைத் துரோகம். வாடிக்கையாளர் தன் வீட்டு முகவரியைக் குடுத்தது புடவை வந்து சேர. நம்ம டீம்ல நேத்து சேர்ந்தவர் மடிக்கணினியில தூங்க இல்லை. "பேரை அழிச்சுட்டு எண் போட்டுடுவோமே"ன்னா, 2006 ஆகஸ்ட்ல ஏஓஎல் அதைத்தான் பண்ணுச்சு. சுமார் ஆறரை லட்சம் பேரோட தேடல்களைப் பேருக்குப் பதிலா எண் போட்டு வெளியிட்டாங்க. சில நாள்லயே நியூயார்க் டைம்ஸ்காரங்க ஒரு எண்ணுக்குப் பின்னாடி இருந்த பெண்மணியைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டாங்க. ஆர்டர் பட்டியலும் அப்படித்தான் காட்டிக் குடுக்கும். ஒருத்தர் என்ன மருந்துப் பட்டை, என்ன அளவு சட்டை வாங்குறார்ங்கறது அவரோட அந்தரங்கம். நம்ம ஊர்லயும் 2023-ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியாச்சு. தரவைச் சரியாப் பாதுகாக்கலைன்னா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம்னு எழுதி வச்சிருக்காங்க. சட்டம் இல்லாட்டியும் தப்பு தப்புதான்.

பொய் டேட்டாவுலயும் ஒரு நாகரிகம் உண்டு. 9-ல ஆரம்பிச்சுக் கண்ணை மூடிட்டு அடிக்கிற பத்து இலக்கம் யாரோ ஒருத்தரோட நிஜ செல் நம்பரா இருக்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க ஓட்டுற சோதனைக்கு எங்கேயோ ஒரு தாத்தா ஓடிபி வாங்கிப் பதறணுமா? சோதனை சர்வர்ல எஸ்எம்எஸ் இணைப்பைத் துண்டிச்சு வைங்க. மின்னஞ்சலுக்கு எக்சாம்பிள் டாட் காம்னு ஒரு முகவரியை இதுக்குன்னே 1999-லயே ஒதுக்கி வச்சிருக்காங்க, அதைப் போடுங்க.

பெரிய வேலையெல்லாம் இல்லை மக்களே. பைத்தான் ஃபேக்கர்ல தமிழுக்குன்னே தனி அமைப்பு இருக்கு, தமிழ் எழுத்துலயே பேர் தரும். அதுல பத்தாத ஒத்தைப் பேரையும் இனிஷியலையும் கோயில் சந்தையும் நீங்களே ஒரு ஐம்பது வரி எழுதிச் சேருங்க. ராண்டம் விதை எண்ணை மாத்தாம நிலையா வைங்க. அப்பதான் இன்னிக்கு மாட்டின பிழை நாளைக்கும் அதே இடத்துல மாட்டும். மொத்தமா ஒரு மத்தியான வேலை.

நம்ம டேட்டாபேஸ்ல யாரைக் குடி வைக்கிறோமோ அவங்களுக்குத்தான் கடை கட்டுறோம். அந்தப் பட்டியலை எழுதுற வேலையை இனிமே புதுப் பையன் தலையில கட்டாதீங்க. டீம்ல இருக்கிற சீனியர் உக்காந்து எழுதட்டும்.

டிஸ்கி: "எங்க வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் கடைசிப் பெயர் இருக்கு"ன்னு சண்டைக்கு வர்றவங்க வரலாம். இல்லாதவங்களை உள்ளேயே விடலைன்னா பட்டியல்ல எப்படி இருப்பாங்கன்னு யோசிச்சுட்டு வாங்க :-)