விரிஞ்சா போதுமா? பாராசூட் குடை இல்லீங்க, இறக்கை!

ரொம்ப நாளா மனசுல அரிச்சிக்கிட்டு இருந்த விஷயம். இன்னைக்கு கொட்டிடறேன்.

போன வாரம் தச்சநல்லூர் டீக்கடையில் நண்பன் ஒருத்தனோடு பெரிய சண்டை. ஐயா ஸ்கைடைவிங் கத்துக்கப் போறாராம். முதுகில் பயிற்சியாளரைக் கட்டிக்கிட்டு ஒரே ஒரு தடவை குதிச்சிட்டு வர்ற டேண்டம் கூட இல்லை, தனியா குதிக்கிற படிப்பு. அதற்காகப் பணம் சேர்க்கிறான். சந்தோஷம்தான். ஆனால் அடுத்து ஒண்ணு சொன்னான் பாருங்க:

"எல, இதுல என்னல பெரிய படிப்பு? பத்தாயிரம் அடில குதிக்கணும், கயித்த இழுக்கணும், குடை விரிஞ்சிரும். பொறவு தானா எறங்கிரும்."

இந்தக் 'குடை'யும் 'தானா'வும்தான் என் எதிரிகள். அவன் மேல் கோபம் இல்லை. அப்படித்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. இயற்பியல் பாடத்தில் பாராசூட் வந்தால் முற்றுத் திசைவேகக் கணக்கோடு சரி. சினிமாவில் ஹீரோ கயிற்றை இழுத்ததும் அடுத்த ஷாட்டில் தரையில் நடந்து வருவார். பத்திரிகைகளோ உயரத்தை மட்டும்தான் எழுதும். ஷீத்தல் மஹாஜன் 2004 ஏப்ரலில் வட துருவத்தில் குதித்தார், 2,400 அடி. 2006 டிசம்பரில் அண்டார்டிகாவில், 11,600 அடி. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் துணி விரிந்த பிறகு தரைக்கு வரும்வரை அவர் என்ன செய்தார் என்று எந்தச் செய்தியிலாவது படிச்சீங்களா? விபத்து என்றாலும் நமக்குத் தெரிந்த ஒரே காரணம் 'பாராசூட் விரியவில்லை'தான்.

உண்மை என்னவென்றால், இந்த விளையாட்டில் சாகிறவர்களில் நிறைய பேர் ஒழுங்காக விரிந்த, கிழிசல் இல்லாத, நல்ல பாராசூட்டுக்குக் கீழேதான் சாகிறார்கள்.

எப்படி? முதலில் குடைக்கும் இறக்கைக்கும் உள்ள வித்தியாசம்.

வட்டமான பழைய பாராசூட் நிஜமாகவே குடைதான். காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். நொடிக்கு 5, 6 மீட்டர் வேகத்தில் இறக்கிவிடும். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் சுவரில் இருந்து குதிப்பது போல. நம்ம ராணுவ டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ் 1951 மார்ச் 23 அன்று கொரியாவில் அமெரிக்கப் படையோடு குதித்தது இதில்தான். 1971 டிசம்பர் 11 அன்று டாங்கைலில் நம் வீரர்கள் இறங்கியதும் இதில்தான். நூற்றுக்கணக்கான பேர் ஒரே வானத்தில் குதிக்கும்போது யாரும் எதையும் 'ஓட்ட' வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. நம்ம மகேந்திரகிரியில் எஞ்சின் சோதனை நடக்கிற ககன்யானுக்கும் பிரதான பாராசூட்டுகள் மூன்றும் வட்டம்தான். குடைக்கும் அதற்கான இடம் இருக்கிறது.

ஆனால் என் நண்பன் மாட்டிக்கொள்ளப் போவது அது இல்லை. டொமினா ஜால்பர்ட் என்று ஒருத்தர், பட்டம் செய்கிறவர், 1964-ல் விண்ணப்பித்து 1966-ல் காப்புரிமை வாங்கிய சாதனத்தின் வாரிசு அது. இரண்டு அடுக்குத் துணி, நடுவில் அறை அறையாகத் தடுப்பு, முன்பக்கம் திறந்த வாய். காற்று உள்ளே புகுந்து உப்பினால் விமான இறக்கையின் வடிவம் வந்துவிடும். அதுவும் இறக்கை மாதிரியே முன்னோக்கிப் பறக்கும். மாணவர்களுக்குத் தரும் பெரிய துணியே மணிக்கு சுமார் 35 கி.மீ. போகும். அதாவது நீங்கள் தொங்கவில்லை, ஒரு வண்டி ஓட்டுகிறீர்கள். பிரேக் உண்டு, ஸ்டியரிங் உண்டு. எஞ்சின் கிடையாது, ரிவர்ஸ் கிடையாது.

விரிவதும் 'டப்'பென்று நடப்பதில்லை, நடக்கவும் கூடாது. மணிக்கு 190 கி.மீ. வேகத்தில் விழும்போது துணி சட்டென்று விரிந்தால் உடம்பு தாங்காது. முதலில் பைலட் சூட் என்ற சின்னத் துணி காற்றைப் பிடித்து, பையை வெளியே இழுக்கும். கயிறுகள் நீண்டு, துணி வெளியே வரும். அப்போது ஸ்லைடர் என்று ஒரு சதுரத் துணி, நாலு மூலை வளையத்தில் கயிறுகளைச் சேர்த்துப் பிடித்தபடி மேலேயே நிற்கும். காற்று அதை மேலே தள்ளும், விரியப் பார்க்கும் துணி கீழே தள்ளும். இந்த இழுபறி சில நொடிகள் நடப்பதால்தான் எலும்பு தப்பிக்கிறது. ககன்யானிலும் இதே தத்துவம்: பிரதான பாராசூட்டின் வாயைக் கயிறால் கட்டிவைத்து, படிப்படியாக அவிழ்ப்பார்கள். ஒன்று அவிழ்ந்து மற்றது தாமதமானால் என்ன ஆகும் என்றே 2025 நவம்பர் 3-ல் ஜான்சி பக்கம் பபினாவில் இஸ்ரோ சோதித்தது. மனிதனே ஏறாத நிலையில் இத்தனை சோதனை! இவன் 'விரிஞ்சிரும்' என்கிறான்.

சரி, விரிந்தாச்சு. இப்போதுதான் கதையே ஆரம்பம்.

கையில் இரண்டு பிடிகள் இருக்கும், டாகிள். வலதை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும். ஆனால் சைக்கிள் மாதிரி அதே மட்டத்தில் திரும்பாது. சாய்ந்து, உயரத்தை இழந்து, வேகம் பிடித்துத் திரும்பும். தரைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது பெரிய திருப்பம் போட்டால், நீங்கள் துணிக்குக் கீழே வந்து நேராகத் தொங்குவதற்குள் தரை வந்துவிடும். இந்த விளையாட்டின் பெரிய கொலையாளிகளில் ஒன்று இதுதான்.

இரண்டையும் சேர்த்து இழுத்தால் வேகம் குறைந்து, தூக்குவிசை ஏறும். அதைச் சரியான உயரத்தில் செய்வதுதான் ஃபிளேர், மெத்தென்று இறங்கும் வித்தை. ஆனால் ரொம்ப ஆழமாக, ரொம்ப நேரம் இழுத்துப் பிடித்தால்? ஸ்டால். எஞ்சின் நின்றுபோவது என்று நம்ம பசங்களில் பாதிப்பேர் நினைக்கிற அந்த ஸ்டால் இல்லை. காற்று மோதும் கோணம் எல்லை மீறி, மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு போவது. இறக்கை அந்த நொடியில் இறக்கையாக இருப்பதை நிறுத்திவிடும். துணி பின்னால் சரிந்து, லாடம் மாதிரி மடங்கும். மேலே 3,000 அடியில் அது ஒரு பாடம்: கைகளை நிதானமாக, இரண்டையும் சமமாக மேலே விட்டால் திரும்ப உப்பிப் பறக்கும். படக்கென்று விட்டால் முன்னால் பாய்ந்து குப்புற டைவ் அடிக்கும். இதே ஸ்டால் 20 அடியில் வந்தால் முதுகெலும்பு போச்சு. அதனால்தான் உயரத்திலேயே அதை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக வேண்டும்.

எடையும் முக்கியம். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 180 பவுண்டு என்றால், 260 சதுர அடித் துணியில் சதுர அடிக்கு 0.7 பவுண்டு பாரம். அதே ஆள் 120 சதுர அடிக்கு மாறினால் 1.5. கயிறும் பிடியும் அதேதான். ஆனால் டிவிஎஸ் 50 ஓட்டினவன் கையில் ரேஸ் பைக்கைக் கொடுத்த கதை. அத்தனையும் வேகமாக நடக்கும், தப்பும் வேகமாக நடக்கும்.

காற்றையும் சேர்த்துக்குங்க. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் ஊர்க்காரர்கள் நாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருவது காற்றாலைக் காட்டையே சுற்றுகிறது. 20 கி.மீ. காற்றை எதிர்த்து இறங்கினால் உங்கள் 35 தரையில் 15 ஆகும். காற்றோடு சேர்ந்து இறங்கினால் 55! கடைசி நொடியில் இதை உணர்ந்த புது ஆள் பயந்துபோய் என்ன செய்வான்? திருப்புவான். அதே தாழ்வான திருப்பம், அதே சாவு. காற்றோடேயே நேராக இறங்கி உருண்டால் சிராய்ப்போடு போயிருக்கும்.

"ரிசர்வ் இருக்கே, தானா திறக்கிற கருவி இருக்கே?" என்றான். இருக்கிறது, நல்ல கருவிதான். 1991-ல் வந்த சைப்ரஸ் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. அது எப்போது வேலை செய்யும்? சுமார் 225 மீட்டர் உயரத்திலும் நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால். விரிந்த துணியை 100 அடியில் நீங்களே தரையில் குத்தினால் அதற்கு ஒன்றும் தெரியாது. கருவிகள் விரியாத பாராசூட்டுக்கு மருந்து. ஓட்டத் தெரியாதவனுக்கு மருந்து இல்லை.

பயமுறுத்தவில்லைங்க. அமெரிக்காவில் 2024-ல் ஏறத்தாழ 39 லட்சம் குதிப்புகளில் இறந்தவர்கள் 9 பேர். ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால் இவ்வளவு பாதுகாப்பாக நடத்த முடியும் என்பதற்கே அது சாட்சி. ஆனால் 2012-ல் சுமார் 39 கி.மீ. உயரத்தில் இருந்து குதித்துப் பிழைத்த ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர், 2025 ஜூலையில் இத்தாலியில் மோட்டார் பாராகிளைடர் விழுந்து இறந்தார். அதுவும் துணி இறக்கைதான். உயரம் அவரைக் கொல்லவில்லை.

'நீ குதிச்சிருக்கியா?' என்று கேட்பீர்கள். இல்லை. தாமிரபரணியில் சுழல் எங்கே என்று சொல்ல நீச்சல் சாம்பியனாக இருக்க வேண்டியதில்லையே.

போகிறவர்கள் போங்க. பணம் கட்டும் முன் 'எத்தனை அடி?' என்று கேட்காமல் இதைக் கேளுங்க: என் எடைக்கு எத்தனை சதுர அடித் துணி? ஸ்டாலை மேலேயே செய்து காட்டிச் சொல்லித் தருவீங்களா? எவ்வளவு காற்றுக்கு மேல் குதிக்க விடமாட்டீங்க? இறங்கும் வித்தைக்குத் தனியாக எத்தனை வகுப்பு? பதில் சொல்லாமல் வீடியோ காட்டினால், எழுந்து வந்துடுங்க.

நண்பா, இது உனக்குத்தான். டீக்காசு நீதான் தரணும்.