ஆர்.எஸ்.வி: டி.டி ஊசி போட்ட வழியிலேயே இதையும் தடுக்கலாமே!

கைக்குழந்தைக்கு மூக்கு ஒழுகினால், "சளிதானே, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்பார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால், காரணம் ஆர்.எஸ்.வி வைரஸாக இருந்து, குழந்தைக்கு 6 மாதம்கூட ஆகவில்லை என்றால் நிலைமை மோசமாகலாம். நுரையீரலின் மிக நுண்ணிய மூச்சுக்குழாய்கள் வீங்கி, சளி அடைத்துக்கொள்ளும். உலகில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் குழந்தைகள் 5 வயதுக்குள் இதனால் இறக்கிறார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் 6 மாதம் நிரம்பாதவர்கள்.

வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் பலிக்காது. ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். சங்கரன்கோவிலில் ஒரு குழந்தைக்கு மூச்சுத்திணறல் முற்றினால், பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்கு 50 கி.மீ.க்கு மேல் போகணும். அதனால் தடுப்பதே நல்லது.

எப்படித் தடுப்பது?

வழி இரண்டு. ஒன்று, கர்ப்பிணிக்குத் தடுப்பூசி. தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் புரதம் தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போய்ச் சேரும். பெரிய ஆய்வில், பிறந்து 3 மாதம் வரை தீவிர பாதிப்பை 82 சதவீதமும், 6 மாதம் வரை 69 சதவீதமும் இது தடுத்தது.

இன்னொன்று, நிர்செவிமாப். இது தடுப்பூசி அல்ல. தயார்நிலையில் உள்ள எதிர்ப்புப் புரதத்தையே குழந்தைக்குச் செலுத்துவது. ஒரே ஊசி, குறைந்தது 5 மாதப் பாதுகாப்பு. ஸ்பெயினின் கலீசியாவில் 2023-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தபோது, ஆர்.எஸ்.வி-யால் மருத்துவமனையில் சேர்வது சுமார் 82 சதவீதம் குறைந்தது.

இரண்டில் ஒன்றையாவது எல்லா நாடுகளும் கொண்டுவர வேண்டும் என்று 2025-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தாய்க்கான ஊசியை 28-வது வாரத்திலிருந்து போடலாம் என்கிறது.

நமக்கு இது புதுசா?

இல்லை. கர்ப்பிணிக்கு டி.டி ஊசி போடுவதும் இதே தத்துவம்தான். அதுவும் பாதுகாப்பான பிரசவமும் சேர்ந்துதான், பச்சிளம் குழந்தைகளைக் கொன்ற ரண ஜன்னியை 2015-ல் இந்தியா ஒழித்தது. கிராம சுகாதார செவிலியர், கர்ப்பிணிப் பதிவு, மாதாந்திரப் பரிசோதனை எல்லாம் இங்கே தயாராக இருக்கிறது. தேசிய தடுப்பூசி அட்டவணையில்தான் ஆர்.எஸ்.வி-க்கு இடமில்லை.

தனியார் மருத்துவமனைக்கு மட்டும் விட்டால், விசைத்தறிக் கூலியில் ஓடும் குடும்பத்துக்கு அது எட்டாது. நிமோனியாவுக்கான பிசிவி தடுப்பூசியும் பல ஆண்டுகள் காசுள்ளவர்களுக்குத்தான் கிடைத்தது. 2021-ல்தான் தமிழக அரசு மையங்களில் இலவசமானது. அதே காத்திருப்பு மறுபடியும் வேண்டாம். விலை பேசி, இதையும் அட்டவணையில் சேர்க்க மத்திய, மாநில அரசுகள் இப்போதே முனைய வேண்டும்.

அதுவரை: குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.